லினக்ஸில் சேவை நிர்வாகமும் பழுது நீக்கமும்: சிஸ்டம்டி குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இன்று புழக்கத்தில் உள்ள லினக்ஸ் வழங்கல்களில் பெரும்பாலானவற்றில் சேவைகளைத் தொடங்குவதும், நிறுத்துவதும், கண்காணிப்பதும் சிஸ்டம்டியின் பொறுப்பாக உள்ளன. சர்வர்களை நிர்வகிப்பவர்களும், தாம் எழுதிய நிரலைச் சேவையாக நிறுவ முயல்பவர்களும் திரும்பத் திரும்ப எழுப்பும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்பட்டுள்ளது. கட்டளைகளும் அமைப்புச் சொற்களும் ஒலிப்பின்படி தமிழ் எழுத்தில் உள்ளன. முனையத்தில் அவற்றை வழக்கமான வடிவில் உள்ளிட வேண்டும். எடுத்துக்காட்டு தேவைப்படும் இடங்களில், ஒரு நூலகத்தின் புத்தகப் பட்டியலை உலாவியில் காட்டும் பைத்தான் நிரலை 'நூலகம்' என்ற பெயருள்ள சேவையாகக் கொண்டுள்ளேன்.

சிஸ்டம்டி எதற்காக உருவாக்கப்பட்டது? பழைய முறையில் என்ன குறை இருந்தது?

இயக்கமுறையின் மையப் பகுதியான கெர்னல் தன் தொடக்கப் பணிகளை முடித்தவுடன் இயக்கும் முதல் செயல்முறையின் (ஓடிக்கொண்டிருக்கும் நிரலின்) எண் 1. மற்ற எல்லாச் சேவைகளையும் எழுப்புவது அதன் கடமை. முன்பு அந்த இடத்தில் சிஸ்டம் ஃபைவ் இனிட் இருந்தது. அது ஷெல் ஸ்கிரிப்டுகளை (முனையக் கட்டளைகளின் தொகுப்புகளை) ஒன்றன்பின் ஒன்றாக இயக்கியதே தவிர, தொடங்கப்பட்ட சேவை பின்னர் உயிரோடு இருக்கிறதா என்பதைப் பார்க்கவில்லை. சேவையின் எண்ணை ஒரு கோப்பில் எழுதி வைத்துக்கொண்டு, நிறுத்தும் வேளையில் அந்த எண்ணுக்குச் சமிக்ஞை அனுப்புவதே வழக்கமாக இருந்தது. கோப்பில் இருந்தது பழைய எண்ணாக இருந்தால் தொடர்பில்லாத வேறொரு செயல்முறை கொல்லப்படும்.

லென்னார்ட் பாட்டரிங்கும் கே சீவர்ஸும் 2010-இல் வெளிப்படுத்திய சிஸ்டம்டி, ஒவ்வொரு சேவையையும் கெர்னலின் சிகுரூப் என்ற தனிக் குழுவுக்குள் வைக்கிறது. சேவை எத்தனை குழந்தைச் செயல்முறைகளை உருவாக்கினாலும் அவை அந்தக் குழுவை விட்டுத் தப்ப முடியாது. கணினி விரைவாகத் தொடங்குவதைப் பலரும் இதன் முதல் நன்மையாகச் சொல்வார்கள். சர்வர்களைப் பொறுத்தவரை இந்தத் துல்லியமான பின்தொடர்தலே பெரிய ஆதாயம் என்று நான் கருதுகிறேன். ஃபெடோரா 15 இதனை 2011-இல் இயல்பாக ஏற்றது. ரெட் ஹேட் எண்டர்பிரைஸ் லினக்ஸ் 7 2014-இலும், டெபியன் 8, உபுண்டு 15.04 ஆகியவை 2015-இலும் தொடர்ந்தன. டெபியனில் இது கடும் விவாதத்துக்குப் பிறகே நிகழ்ந்தது. ஏற்க மறுத்தவர்கள் டெவுவான் என்ற தனி வழங்கலைத் தொடங்கினர்.

ஒரு சேவை தோல்வியடைந்தால் முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

மீண்டும் தொடங்குவதற்கு முன் 'சிஸ்டம்சிடிஎல் ஸ்டேட்டஸ் நூலகம்' என்ற கட்டளையின் வெளியீட்டை முழுவதும் படியுங்கள். எந்த யூனிட் கோப்பு (சேவையை எப்படி இயக்குவது என்று சிஸ்டம்டிக்குச் சொல்லும் அமைப்புக் கோப்பு) ஏற்றப்பட்டது, முதன்மைச் செயல்முறை எந்தக் குறியீட்டோடு முடிந்தது, கடைசியாக என்ன பதிவானது ஆகிய மூன்றும் அதிலேயே கிடைக்கும். அவசரத்தில் ரீஸ்டார்ட் கொடுத்தால் சிக்கிய செயல்முறையின் நிலையை ஆராயும் வாய்ப்பு கைநழுவிவிடும்.

அடுத்து 'ஜர்னல்சிடிஎல்' கட்டளையில் 'யு' விருப்பத்தோடு சேவையின் பெயரையும், 'பி' (பூட்) விருப்பத்தையும் தந்தால், கணினி இம்முறை தொடங்கியதிலிருந்து அந்தச் சேவை எழுதிய அனைத்தும் வரும். ஸ்டேட்டஸ் காட்டும் இறுதிச் சில வரிகள் பெரும்பாலும் விளைவையே சொல்லும்; காரணம் இருபது முப்பது வரிகளுக்கு மேலே இருக்கும். தோல்வியுற்ற யூனிட்டுகள் அனைத்தையும் ஒரே பார்வையில் காண 'சிஸ்டம்சிடிஎல் --ஃபெயில்டு' போதும்.

முனையத்தில் நன்றாக ஓடும் நிரல், சேவையாக மட்டும் ஓட மறுப்பது ஏன்?

இந்தப் பக்கத்தில் எனக்கு மிக முக்கியமாகத் தோன்றும் கேள்வி இதுதான். நீங்கள் முனையத்தில் நிரலை இயக்கும்போது உங்கள் உள்நுழைவு எண்ணற்ற விஷயங்களைச் சொல்லாமலே தந்துவிடுகிறது: பயனர் பெயர், வீட்டு அடைவு, நிற்கும் அடைவு, பாதை மாறி (நிரல்களைத் தேட வேண்டிய அடைவுகளின் பட்டியல்), மொழி அமைப்பு, பைத்தானின் மெய்நிகர் சூழல். சிஸ்டம்டி தொடங்கும் சேவைக்கு இவற்றில் எதுவும் உங்கள் உள்நுழைவிலிருந்து வருவதில்லை. ஷெல்லின் அமைப்புக் கோப்பான பேஷ்ஆர்சி படிக்கப்படாது. வேறெதுவும் குறிப்பிடாவிட்டால் முழு அதிகாரமுள்ள ரூட் பயனராக, மூல அடைவிலிருந்து நிரல் ஓடும். ஆகவே 'தரவு/பட்டியல்.டிபி' என்று சார்புப் பாதையில் கோப்பைத் திறக்கும் நூலகம் நிரல் அதனைக் காணாமல் விழுந்துவிடும். 'வொர்க்கிங்டைரக்டரி', 'யூசர்', 'என்விரான்மென்ட்' ஆகிய வரிகளில் தேவையானவற்றை வெளிப்படையாக எழுதுவதும், மெய்நிகர் சூழலுக்குள் இருக்கும் பைத்தானின் முழுப் பாதையை, இயக்க வேண்டிய கட்டளையைச் சொல்லும் எக்ஸெக்ஸ்டார்ட் வரியில் தருவதும் இதற்குத் தீர்வு.

எக்ஸெக்ஸ்டார்ட் வரி ஷெல் கட்டளை போலத் தோன்றினாலும் அதனை எந்த ஷெல்லும் படிப்பதில்லை என்பதையும் மறக்கக் கூடாது. குழாய்க் குறி, வெளியீட்டைக் கோப்புக்குத் திருப்பும் குறி, நட்சத்திரக் குறி ஆகியவை அங்கே வேலை செய்யாமல் நிரலுக்கு வெறும் சொற்களாகவே போய்ச் சேரும். விழுக்காட்டுக் குறிக்குச் சிஸ்டம்டியில் தனிப் பொருள் உள்ளதால், தேதி வடிவம் போன்றவற்றில் அதனை இரட்டித்து எழுத வேண்டும். ஷெல் உண்மையிலேயே தேவையெனில் தனி ஸ்கிரிப்ட் எழுதி, அதன் கடைசி வரியில் 'எக்ஸெக்' சொல்லோடு நிரலை அழையுங்கள். அப்போதுதான் ஷெல் விலகி, நிரலே முதன்மைச் செயல்முறையாகும்.

யூனிட் கோப்பில் ப்ரைவேட்டெம்ப் (சேவைக்குத் தனி டெம்ப் அடைவு தரும் அமைப்பு) இயக்கப்பட்டிருந்தால் சேவை காணும் டெம்ப் அடைவும் நீங்கள் காணும் டெம்ப் அடைவும் வெவ்வேறானவை. "கோப்பு கண்ணெதிரே இருக்கிறது, நிரல் இல்லை என்கிறது" என்ற குழப்பத்துக்குப் பல வேளைகளில் இதுவே காரணம்.

203, 217, 200 போன்ற வெளியேற்றக் குறியீடுகள் எதைக் குறிக்கின்றன?

இருநூறும் அதற்கு மேலும் உள்ள இந்த எண்கள் உங்கள் நிரலிலிருந்து வருபவை அல்ல. நிரலை இயக்கும் முன்பே சிஸ்டம்டி தடுக்கி நின்ற இடத்தைச் சொல்பவை. 200 என்றால் வொர்க்கிங்டைரக்டரியில் குறித்த அடைவுக்குள் நுழைய முடியவில்லை. 217 என்றால் யூசர் வரியில் எழுதிய பயனரைப் பயன்படுத்த முடியவில்லை. பெரும்பாலும் அப்படியொரு பயனரே இருக்க மாட்டார். 226 என்றால் பாதுகாப்புக்காகத் தனித்த கோப்பமைப்புச் சூழலை உருவாக்க முடியவில்லை. ரீட்ரைட்பாத்ஸ் வரியில் இல்லாத அடைவைக் குறிப்பிட்டால் இது நேரும்.

203 சற்று ஏமாற்றக்கூடியது. கோப்பே இல்லை, இயக்கும் அனுமதி இல்லை, ஸ்கிரிப்டின் முதல் வரியில் குறித்த மொழிபெயர்ப்பான் (ஸ்கிரிப்டைப் படித்து இயக்கும் நிரல்) அந்த இடத்தில் இல்லை, எஸ்இலினக்ஸ் என்ற பாதுகாப்பு அமைப்பு தடுக்கிறது ஆகிய நான்குக்கும் ஒரே எண்தான். விண்டோஸில் எழுதிக் கொண்டுவந்த ஸ்கிரிப்டாக இருந்தால், முதல் வரியின் முடிவில் கண்ணுக்குத் தெரியாத ஓர் எழுத்துக்குறி ஒட்டிக்கொண்டு, மொழிபெயர்ப்பானின் பெயரையே மாற்றிவிடும். கோப்பு இருக்கிறது, அனுமதியும் இருக்கிறது, ஆனாலும் 203 வருகிறது என்றால் அதைச் சோதியுங்கள்.

யூனிட் கோப்பைத் திருத்திய பிறகும் மாற்றம் செயல்படவில்லையே?

சிஸ்டம்டி யூனிட் கோப்புகளைப் படித்து நினைவகத்தில் வைத்துக்கொள்கிறது. கோப்பை மாற்றினால் 'சிஸ்டம்சிடிஎல் டீமன்-ரீலோட்' தர வேண்டும். அதன் பிறகு சேவையையும் மீண்டும் தொடங்க வேண்டும். இரண்டில் ஒன்றை மட்டும் செய்தால் போதாது.

நீங்கள் திருத்திய கோப்பு சரியான கோப்புதானா என்பதும் முக்கியம். ஒரே பெயரில் பல இடங்களில் கோப்புகள் இருந்தால், இடிசி அடைவுக்குள் இருப்பது முந்தும். அடுத்தது ரன் அடைவு. தொகுப்பு நிறுவிய யூஎஸ்ஆர் அடைவுக் கோப்பு கடைசி. தொகுப்பின் கோப்பை நேரடியாகத் திருத்தினால் அடுத்த புதுப்பிப்பில் உங்கள் மாற்றம் அழிந்துபோகும். 'சிஸ்டம்சிடிஎல் எடிட் நூலகம்' என்ற கட்டளை, இடிசியில் கூடுதல் துண்டுக் கோப்பு ஒன்றை உருவாக்கி, மாற்ற வேண்டிய வரிகளை மட்டும் அதில் எழுதச் செய்யும். துண்டுக் கோப்பில் எக்ஸெக்ஸ்டார்ட் வரியை மாற்றுவதாக இருந்தால் முதலில் மதிப்பு ஏதுமில்லாத வெற்று எக்ஸெக்ஸ்டார்ட் வரியை எழுதி, அதன் கீழ் புதியதை எழுத வேண்டும். இல்லாவிட்டால் பழையதோடு புதியதும் சேர்ந்து, சேவையைச் சிஸ்டம்டி ஏற்க மறுக்கும். மூலக் கோப்பையும் துண்டுக் கோப்புகளையும் வட்டில் இப்போது உள்ளபடி 'சிஸ்டம்சிடிஎல் கேட்' காட்டும்; டீமன்-ரீலோட் தராவிட்டால் நடைமுறையில் இருப்பது அதிலிருந்து வேறுபடலாம்.

ஸ்டார்ட், எனேபிள், மாஸ்க் ஆகியவற்றுக்கு என்ன வேறுபாடு?

ஸ்டார்ட் இப்போதே தொடங்கும். எனேபிள் அடுத்த முறை கணினி எழும்போது தொடங்க ஏற்பாடு செய்யும். இரண்டையும் சேர்த்துச் செய்ய எனேபிளோடு '--நவ்' சேர்க்கலாம். டிஸ்ஏபிள் செய்த சேவையை வேறொரு சேவை தன் தேவைக்காக எழுப்ப முடியும்; மாஸ்க் செய்ததை எவராலும் எழுப்ப முடியாது.

"மிக விரைவாகத் திரும்பத் திரும்பத் தொடங்கக் கோரப்பட்டது" என்ற பிழையுடன் சேவை நின்றுவிடுகிறது. என்ன செய்யலாம்?

சேவை விழுந்தால் தானாக எழ வேண்டும் என்பதற்காக ரீஸ்டார்ட் வரியில் 'ஆன்-ஃபெயிலியர்' என்று எழுதுகிறோம். ரீஸ்டார்ட்செக் என்ற இடைவேளையின் இயல்பு மதிப்பு 100 மில்லிநொடி. பத்து நொடிகளுக்குள் ஐந்து முறைக்கு மேல் தொடங்கக் கூடாது என்பது மற்றோர் இயல்பு வரம்பு. தரவுத்தளம் எழ மூன்று நொடி தாமதமானாலும், நூலகம் சேவை அதற்குள் ஐந்து முறை விழுந்து எழுந்து வரம்பைத் தொட்டு நிரந்தரமாக நின்றுவிடும். மூன்று நொடியில் சரியாகியிருக்க வேண்டிய சிக்கல், இரவில் யாராவது எழுந்து சர்வரைப் பார்க்கும் வரை நீடிக்கும்.

ரீஸ்டார்ட்செக் மதிப்பை ஐந்து நொடியாக உயர்த்தினால் பத்து நொடிக்குள் ஐந்து தொடக்கங்கள் நிகழ வாய்ப்பில்லை. எனவே சேவை ஒருபோதும் கைவிடாது. ஆனால் அமைப்புக் கோப்பிலேயே பிழை இருந்தால், அது முடிவின்றி விழுந்து எழுந்து பதிவேட்டை நிரப்பும். ஆகவே இடைவேளையை உயர்த்தும்போது ஸ்டார்ட்லிமிட்இன்டர்வல்செக், ஸ்டார்ட்லிமிட்பர்ஸ்ட் ஆகிய இரண்டையும் சேர்த்தே தீர்மானியுங்கள். இவை சர்வீஸ் பிரிவில் அல்ல, யூனிட் பிரிவில் எழுதப்பட வேண்டியவை. 254-ஆம் பதிப்பிலிருந்து ரீஸ்டார்ட்ஸ்டெப்ஸ், ரீஸ்டார்ட்மேக்ஸ்டிலேசெக் என்ற வரிகள் இடைவேளையைப் படிப்படியாக நீட்ட உதவுகின்றன. வெளிச் சேவைகளைச் சார்ந்த நிரல்களுக்கு அது மிகப் பொருத்தமானது.

கையால் தரும் ஸ்டார்ட் கட்டளைகளும் இந்தக் கணக்கில் சேரும். காரணத்தைச் சரிசெய்தபின் 'சிஸ்டம்சிடிஎல் ரீசெட்-ஃபெயில்டு நூலகம்' என்று தந்தால் கணக்கு அழிந்து, சேவையைத் தொடங்க முடியும்.

டைப் வரியில் எதனைத் தேர்ந்தெடுப்பது?

சேவை எப்போது 'தயார்' என்று சிஸ்டம்டி கொள்ள வேண்டும் என்பதை இந்த வரி முடிவு செய்கிறது. தவறாகத் தேர்ந்தால் விளைவு விசித்திரமாக இருக்கும். தானே பின்னணிக்குச் சென்று தாய்ச் செயல்முறையை முடித்துக்கொள்ளும் பழைய பாணி நிரலுக்குச் 'சிம்பிள்' என்று எழுதினால், தாய் முடிந்ததைச் சேவையே முடிந்ததாகக் கொண்டு, எஞ்சிய குழந்தைகளையும் சிஸ்டம்டி நிறுத்திவிடும். முன்னணியிலேயே ஓடும் நிரலுக்கு 'ஃபோர்க்கிங்' என்று எழுதினால், தாய் முடியட்டும் என்று 90 நொடி காத்திருந்து, நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் நிரலைக் கொன்றுவிடும். சரியாக 90 நொடியில் சாகும் சேவையைக் கண்டால் முதலில் டைப் வரியைப் பாருங்கள்.

சிம்பிள் வகையில், நிரல் கோப்பு இல்லாவிட்டாலும் ஸ்டார்ட் கட்டளை வெற்றி என்றே திரும்பும். 240-ஆம் பதிப்பில் வந்த 'எக்ஸெக்' வகை, கோப்பு உண்மையில் இயங்கத் தொடங்கும் வரை காத்திருப்பதால், புதிய சேவைகளுக்கு அதனையே பரிந்துரைப்பேன். ஒருமுறை ஓடி முடியும் பணிகளுக்கு 'ஒன்ஷாட்'. நிரலின் மூலக்குறியீடு உங்கள் கையில் இருந்தால் 'நோட்டிஃபை' எல்லாவற்றிலும் சிறந்தது: தரவுத்தள இணைப்பு கிடைத்து, போர்ட் திறந்த பிறகே நிரல் தானாகத் 'தயார்' என்று அறிவிக்கும்; அதனைச் சார்ந்த மற்ற சேவைகள் அதுவரை காத்திருக்கும்.

ஆஃப்டர் வரியில் நெட்வொர்க் என்று எழுதியும் நெட்வொர்க் வருமுன் சேவை தொடங்குகிறதே?

ஆஃப்டர் வரிசையை மட்டும் சொல்கிறது. அந்த யூனிட்டை எழுப்பச் சொல்வதில்லை. வான்ட்ஸும் ரிக்வயர்ஸும் எழுப்பச் சொல்கின்றன; வரிசையைச் சொல்வதில்லை. ஆகவே பெரும்பாலும் இரண்டும் தேவை. 'நெட்வொர்க்.டார்கெட்' என்பது நெட்வொர்க் மேலாண்மைச் சேவை தொடங்கிவிட்டது என்பதை மட்டுமே குறிக்கும். ஐபி முகவரி கிடைத்திருக்க வேண்டுமெனில் 'நெட்வொர்க்-ஆன்லைன்.டார்கெட்' என்பதை வான்ட்ஸ், ஆஃப்டர் ஆகிய இரண்டிலும் எழுத வேண்டும். அப்படியும் தொலைவில் உள்ள சர்வர் பதிலளிக்கும் என்ற உறுதி கிடையாது. இணைப்பு அறுந்தால் மீண்டும் முயலும் திறனை நிரலுக்குள்ளேயே எழுதுவதற்கு ஈடான மாற்று எதுவும் இல்லை.

கணினியை அணைக்கும்போது ஒன்றரை நிமிடம் காத்திருக்க நேர்கிறது. ஏன்?

நிறுத்தும்போது சிஸ்டம்டி முதலில் முடித்துக்கொள்ளுமாறு கேட்கும் சிக்டெர்ம் சமிக்ஞையை அனுப்பும். சேவை முடியாவிட்டால் டைம்அவுட்ஸ்டாப்செக் காலம் கழிந்தபின் கட்டாயமாகக் கொல்லும் சிக்கில் சமிக்ஞையை அனுப்பும். அந்தக் காலம் இயல்பாக 90 நொடி. சில வழங்கல்கள் குறைத்திருக்கின்றன. சிக்டெர்மைப் பொருட்படுத்தாத நிரலே வழக்கமான காரணம். எந்தச் சேவை தாமதித்தது என்பதை, கணினி மீண்டும் எழுந்தபின் ஜர்னல்சிடிஎல் கட்டளையில் முந்தைய தொடக்கத்தைக் குறிக்கும் 'பி -1' தந்து அறியலாம். காலத்தைக் குறைப்பது எளிது; ஆனால் தரவுத்தளம் போன்றவற்றுக்குக் குறைத்தால் எழுதி முடியாத தரவு சிதையக்கூடும்.

என் நிரல் அச்சிடும் வரிகள் பதிவேட்டில் வரவில்லை. பழைய பதிவுகளும் மறைந்துவிடுகின்றன.

இவை இரண்டு தனிச் சிக்கல்கள். பைத்தான் முதலிய மொழிகள், வெளியீடு முனையத்துக்குப் போகவில்லை என்று கண்டால் வரிகளைச் சேர்த்துவைத்து மொத்தமாக அனுப்பும். 'பைத்தான்அன்பஃபர்டு' என்ற சூழல் மாறிக்கு 1 என்ற மதிப்பைத் தந்தால் வரிகள் உடனுக்குடன் வரும். நிரல் திடீரென்று கொல்லப்படும்போது இடையகத்தில் இருந்த கடைசி வரிகளே தொலைகின்றன என்பதால், பழுது கண்டறிவதில் இது பெரும் வேறுபாட்டை உண்டாக்கும்.

பழைய பதிவுகள் மறைவதற்குக் காரணம், 'வார்/லாக்/ஜர்னல்' என்ற அடைவு இல்லாதிருப்பது. பதிவுகளைச் சேகரிக்கும் ஜர்னல்டியின் ஸ்டோரேஜ் அமைப்பு 'ஆட்டோ' என்றிருந்தால், அந்த அடைவு இருந்தால்தான் பதிவுகள் வட்டில் நிலைக்கும். இல்லையேல் நினைவகத்தோடு மறையும்.

குறித்த நேரத்தில் சேவையை இயக்க வேண்டிய டைமர், சொன்ன நேரத்தில் ஓடவில்லை.

வாடகை சர்வர்களில் நேர வலயம் பெரும்பாலும் யூடிசி ஆக இருக்கும். காலை 6 மணிக்கு என்று எழுதிய டைமர் இந்திய, இலங்கை நேரப்படி முற்பகல் 11.30-க்கு ஓடும். ஆன்காலண்டர் வரியின் இறுதியில் 'ஏசியா/கொல்கத்தா' என்று வலயத்தைச் சேர்க்கலாம். எழுதியதைச் 'சிஸ்டம்டி-அனலைஸ் காலண்டர்' கட்டளையில் கொடுத்தால் அடுத்து எப்போது ஓடும் என்று சொல்லிவிடும். கணினி அணைந்திருந்த நேரத்தில் தவறிய பணியை எழுந்தவுடன் செய்ய 'பெர்சிஸ்டென்ட்' வரி உதவும்.

கணினி எழாமல் அவசர நிலையில் நின்றுவிட்டால்?

இணைக்க வேண்டிய வட்டுகளைப் பட்டியலிடும் எஃப்எஸ்டேப் கோப்பில் குறிப்பிட்ட வட்டு ஒன்று கழற்றப்பட்டிருப்பதே வழக்கமான காரணம். சிஸ்டம்டி அந்த வட்டுக்காக 90 நொடி காத்திருந்து, பிறகு அவசர நிலைக்குச் செல்லும். ரூட் கடவுச்சொல்லோடு நுழைந்து அந்த வரியைச் சரிசெய்யலாம். இன்றியமையாதது அல்லாத வட்டுகள் அனைத்துக்கும் 'நோஃபெயில்' என்ற விருப்பத்தை முன்கூட்டியே சேர்த்துவிடுங்கள்.

நானே சேவை நிர்வாகக் கருவி ஒன்றை எழுதுகிறேன். எதில் கவனம் தேவை?

ஸ்டேட்டஸ் கட்டளையின் வெளியீடு மனிதர் படிப்பதற்கானது. அதனை வெட்டிப் பொருள் கொள்ளும் கருவிகள் பதிப்பு மாறும்போது உடைகின்றன. நிரலுக்கென்று 'சிஸ்டம்சிடிஎல் ஷோ' உள்ளது. அது ஒவ்வொரு பண்பையும் தனி வரியில் தரும். பதிவுகளை ஜேசன் வடிவில் பெறலாம். இன்னும் உறுதியான வழி, நிரல்கள் ஒன்றோடொன்று செய்தி பரிமாறிக்கொள்ளும் டிபஸ் இடைமுகம். ஸ்டார்ட்யூனிட் அழைப்பு சேவை தொடங்கும் வரை காத்திருக்காமல் ஒரு பணியின் முகவரியை மட்டும் தரும். முடிவு ஜாப்ரிமூவ்டு என்ற சமிக்ஞையில் வரும். அழைத்த பிறகு அந்தச் சமிக்ஞைக்குப் பதிவு செய்தால், விரைவில் முடியும் பணிகளின் முடிவைத் தவறவிடுவீர்கள். எனவே முதலில் பதிவு, அடுத்து அழைப்பு என்ற வரிசையைக் கடைப்பிடியுங்கள்.

அமைப்புகளைச் சோதித்துப் பார்க்க ஒவ்வொரு முறையும் யூனிட் கோப்பு எழுதத் தேவையில்லை. 'சிஸ்டம்டி-ரன்' கட்டளை தற்காலிகச் சேவை ஒன்றை உருவாக்கும். மெமரிமேக்ஸ், ப்ரொடெக்ட்சிஸ்டம் போன்றவற்றை 'பி' (ப்ராபர்ட்டி) விருப்பத்தில் தந்து நிரல் எவ்வாறு நடந்துகொள்கிறது என்று உடனே பார்க்கலாம். எழுதி முடித்த யூனிட் கோப்பைச் 'சிஸ்டம்டி-அனலைஸ் வெரிஃபை' சரிபார்க்கும். கடவுச்சொற்களை என்விரான்மென்ட் வரியில் எழுதாதீர்கள். சாதாரணப் பயனரும் ஷோ கட்டளையில் அவற்றைக் காண முடியும். லோட்கிரெடென்ஷியல் அதற்கென்றே உள்ளது.

நோட்டிஃபை வசதிக்கு லிப்சிஸ்டம்டி என்ற நிரல் நூலகத்தை இணைக்க வேண்டுமா?

வேண்டியதில்லை. நோட்டிஃபைசாக்கெட் என்ற சூழல் மாறியில் உள்ள யூனிக்ஸ் சாக்கெட்டுக்கு 'ரெடி=1' என்ற செய்தியை அனுப்பினால் போதும்; எந்த மொழியிலும் சில வரிகளில் எழுதிவிடலாம். 2024 மார்ச்சில், கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் கருவியில் மறைத்து வைக்கப்பட்ட பின்வாசலை ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட் கண்டறிந்தபோது, இந்தச் சிறு வசதியின் பொருட்டுச் சில வழங்கல்கள், தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச் சேவையோடு லிப்சிஸ்டம்டியை இணைத்திருந்ததும், அதன் வழியாக எக்ஸ்இசட்டின் நிரல் நூலகமும் உள்ளே வந்ததும் தெரியவந்தன. பாதுகாப்புக்கு முக்கியமான சேவையில் ஒவ்வொரு சார்பையும் கேள்வி கேட்க இந்த ஒரு நிகழ்வே போதிய காரணம்.

பிழை சிஸ்டம்டியிலேயே இருப்பதாகத் தோன்றினால் எங்கே தெரிவிப்பது?

முதலில் 'சிஸ்டம்சிடிஎல் லாக்-லெவல் டீபக்' தந்து, சிக்கலை மீண்டும் நிகழச் செய்து, விரிவான பதிவைச் சேகரியுங்கள். சிஸ்டம்டி திட்டம் தன் கிட்ஹப் பக்கத்தில் அண்மைய இரண்டு பதிப்புகளுக்கான பிழையறிக்கைகளையே ஏற்கிறது. நிலையான வழங்கல்களில் இருப்பது பெரும்பாலும் அதைவிடப் பழைய பதிப்பு என்பதால், அவற்றின் பிழைகளை அந்த வழங்கலின் பிழைப் பதிவகத்திலேயே தெரிவிக்க வேண்டும். நீங்களே திருத்தம் எழுத விரும்பினால், மூலக்குறியீடு சி மொழியில் உள்ளது. மீசான் என்ற கட்டமைப்புக் கருவி கொண்டு கட்டமைத்து, எம்கேஓஎஸ்ஐ கருவியால் மெய்நிகர்க் கணினி ஒன்றை உருவாக்கி, உங்கள் கணினியின் முதல் செயல்முறையைத் தொடாமலே அதற்குள் சோதிக்கலாம்.